மேற்குச் சரிவில் ஆடு இல்லை

புதிதாகக் காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு காட்டிலாகாவில் ரேஞ்சராகச் சேரப்போகும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் பயிற்சி முடிகிற சமயத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மேலதிகாரி சொன்னபடி நட, கோப்பைச் சுத்தமாக வை, குரலை உயர்த்தாதே என்று எழுதுவேன் என நினைத்தார்களோ என்னவோ. அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது, திருச்சி ஜில்லாவில் வேலை பார்த்தபோது நான் கையெழுத்துப் போட்ட ஒரு பொய்யைப் பற்றி. அந்தப் பொய்யால் பச்சைமலையில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வர இருந்தது. அதைத் திரும்ப வாங்க நான் போட்ட சண்டையையும் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது.

முதலில் ஆட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய அறிக்கைகளில் ஆடு என்று ஒரு பிராணி உண்டு. நட்ட கன்று பட்டுப்போனால் ஆடு தின்றது. வேலி சாய்ந்தால் ஆடு முட்டியது. விதை முளைக்கவே இல்லையென்றால்கூட, முளைத்ததாகவும் ஆடு மேய்ந்ததாகவும் எழுதுவோம். ஆடு மறுத்து மனுப் போடாது பாருங்கள். ஆடு மேய்ந்தது என்றால் காவல் சரியில்லை, காவல் சரியில்லை என்றால் தோட்டக்காவலுக்குப் போட்ட வாட்சர் சரியில்லை. அத்தோடு கோப்பை மூடிவிடலாம். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய அறிக்கைகளைப் பார்த்து எழுதிப் பழகியதுதான்.

அப்போது என் பொறுப்பில் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையில் ஒரு நாற்றங்கால் இருந்தது. ஆற்று வண்டல், தோண்டினால் தண்ணீர், தென்னை நிழல். அங்கே மூங்கில் கூடைகளில் சில்வர் ஓக் கன்றுகள் வளர்த்தோம். மலைக்குளிர்ச்சியில் வளரும் மரம் அது; காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைப்பார்கள். அதைப் பச்சைமலை மேலே வளர்ப்பது எங்கள் பெரிய அதிகாரியின் திட்டம். மலையில் நடப்போகிற கன்றை ஆற்றங்கரையில் வளர்த்ததற்கு ஒரே காரணம், திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்து விருந்தாளிகளுக்குக் காட்ட வசதி. வருகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே கன்றுகளையும் பார்த்துவிட்டுப் போவார்கள். கன்றுகளையும் சும்மா சொல்லக்கூடாது. ஐப்பசிக்குள் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றன. வருகிறவர்கள் பாராட்டப் பாராட்ட எனக்குத் தலைகால் புரியவில்லை.

திட்டம் ரொம்ப எளிது. வரைபடத்தில், ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்து மலையைச் சுற்றிக் கோடு போட்டிருப்பார்கள், தெரியும் அல்லவா? அதில் இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக் கோட்டைப் பெரிய அதிகாரி சிவப்புப் பென்சிலால் தடிப்பாக்கினார். "இதுக்கு மேல குளிர்ச்சி. குளிர்ச்சின்னா சில்வர் ஓக். போய் நடுய்யா" என்றார். உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தானே, நானும் தலையாட்டினேன்.

ஐப்பசி மழையில் கன்றுகளை லாரியில் ஏற்றி உப்பிலியபுரம் கொண்டுபோய், அங்கிருந்து தலைச்சுமையாக மலையேற்றினோம். பாதி கிழக்குச் சரிவுக்கு, பாதி மேற்குச் சரிவுக்கு. காவலுக்கு வெள்ளையன் என்பவரை வாட்சராகப் போட்டேன். மலைமேலேயே பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும். குடிசை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், கொஞ்சம் சாமைக்கொல்லை. குடிசையும் கொல்லையும் இலாகா எல்லைக்குள் இருந்தன. வாட்சர் வேலை இருக்கிறவரை அங்கே குடியிருக்கலாம். வேலை போனால் இடத்தையும் காலி செய்யவேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேற்குச் சரிவில் குழி வெட்ட ஆரம்பித்தபோது வெள்ளையன் வந்து நின்றார்.

"ஐயா, மேக்கால வேணாங்க. அங்க தாங்காது."

நான் சிவப்புக் கோடு போட்ட வரைபடத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இங்க பாரு, ரெண்டு பக்கமும் ஒரே உயரம்" என்றேன். அந்தக் காலத்தில் அவரை ஒருமையில்தான் பேசுவேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போய்விட்டார்.

மாசியில் பாரஸ்ட் கார்டு ஒருவர் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிழக்கே பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன, மேற்கே எல்லாம் போச்சு என்றார். பெரிய அதிகாரிக்கு மறுநாளே அறிக்கை வேண்டுமாம். ஸ்ரீரங்கத்திலிருந்து உப்பிலியபுரம் போய் மலையேறி இறங்க இரண்டு நாளாகும். நான் போகவில்லை. நாற்றங்காலில், தென்னை நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன்: 'மேற்குச் சரிவில் ஆடுகள் மேய்ந்ததால் கன்றுகள் அழிந்தன. வாட்சரின் கவனக்குறைவே காரணம்.' கீழே கையெழுத்து. எழுதிவிட்டு இளநீர் குடித்தேன். நான் வெட்கப்படவேண்டியது இதற்குத்தான்.

பங்குனி பிறந்து சில நாளில், வெயில் ஏறிய முற்பகலில், வெள்ளையன் நாற்றங்கால் வாசலில் வந்து நின்றார். மலையிறங்கி, உப்பிலியபுரத்தில் பஸ் பிடித்து, துறையூரில் மாறி வந்திருக்கிறார். கையில் இலாகா உத்தரவு. வேலையிலிருந்து நீக்கம், ஒரு மாதத்துக்குள் குடிசையைக் காலி செய்யவேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. உப்பிலியபுரத்து மளிகைக் கடைக்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"ஆடுன்னு போட்டிருக்காமே. எந்த ஆடுங்க?"

"மேஞ்சிருக்குல்ல?"

"போன சித்திரையில நோவு வந்து எங்க ஊர் ஆடு அத்தனையும் செத்துப்போச்சுங்க. இப்ப அந்தப் பக்கம் ஆடே இல்லீங்களே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்புச் செய்தவன் நான், கோபமும் எனக்கே வந்தது, வேடிக்கையைப் பாருங்கள். "அப்ப கன்னெல்லாம் எங்க போச்சு? காலு முளைச்சு நடந்து போயிடுச்சா?" என்று கத்தினேன்.

"எங்கயும் போகலீங்க. காஞ்சு அப்படியே நிக்குது. நீங்க வந்து பாத்தீங்களா?"

நான் பக்கத்தில் இருந்த கன்றுக் கூடையை நகர்த்தி வைத்தேன்.

"பாக்காம எப்படிங்க எழுதினீங்க?"

அவர் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அப்படி எழுத முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

அந்த நேரத்தில் நாற்றங்காலில் இன்னொருவர் இருந்தார். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர், வீடு ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டிய வீதியில். வகுப்பில் காட்ட இலை, பூ கேட்டு அடிக்கடி வருவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பெயர் எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நாக்கு மட்டும் ரொம்பக் கூர்மை.

"ஏன் சார், கோபுரத்தை மட்டும் பாத்துட்டு, பெருமாளைச் சேவிச்சேன்னு எழுதிடுவேளோ?" என்றார்.

"இது இலாகா விஷயம் டீச்சர்."

"இவர் பொண்டாட்டி குழந்தையோட குடியிருக்கிற வீடு இலாகா விஷயமா? வர்ற சனிக்கிழமை செடி சேகரிக்கப் பச்சைமலைக்குப் போறேன். எங்க காலேஜ் அட்டெண்டர் வரார். உங்களுக்குக் கால் இருந்தா நீங்களும் வாங்கோ."

கால் இருந்தது. போனேன்.

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஏறினார். கையில் உயரம் காட்டும் சின்னப் பாரமானி ஒன்று. நூறு அடிக்கு ஒரு தரம் நின்று அதையும் பார்ப்பார், சுற்றி நிற்கும் செடிகளையும் பார்ப்பார். அடிவாரத்தில் வேலம், சூரை, கள்ளி, உசிலை. இலையெல்லாம் பொடிப்பொடி, முள்தான் பெரிது. "இது திருச்சி வெயில் சார். இங்கே இலையை அகலமா விரிச்சா கருகிப்போயிடும்" என்றார். ஆயிரத்து ஐந்நூறு அடியில் முள் குறைந்தது. வாகையும் வெப்பாலையும் இலையுதிர்த்து நின்றன. மிதித்த இடமெல்லாம் சருகு. இன்னும் ஏறிக் கிழக்குச் சரிவில் இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்கு வந்தபோது என் சட்டையில் வியர்வை காய்ந்துவிட்டது. பலா, நாவல், ஓடைக்கரைப் பாறையில் பச்சைப் பாசி. பங்குனியில்! அந்த நேரத்துக்கு மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆயிரம் அடி ஏறினால் மூன்று, மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் குறையும். ஐப்பசி கார்த்திகையில் கடலிலிருந்து வரும் மேகம் முதலில் இந்தச் சரிவில்தான் இறங்கும். அதனால்தான் இந்த ஈரம் என்று அவர் விளக்கினார். எங்கள் கன்றுகள் அங்கே உயிரோடு நின்றன.

"உங்க திட்டம் பாதி சரி, சார்" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குள், "மீதியைப் பாக்கலாம், வாங்கோ" என்று முகட்டைத் தாண்டி நடந்தார்.

வெள்ளையனும் எங்களோடு சேர்ந்துகொண்டார். மேற்கே இறங்கி, பாரமானியை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார் டீச்சர். அதே இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆனால் முகத்தில் அனல் அடித்தது. அடிவாரத்தில் விட்டுவந்த உசிலையும் சூரையும் இங்கே எதிரே நின்றன. கால் கட்டைவிரலால் கிளறினால் ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை.

"உயரம் ஒண்ணுதான் சார். ஆனா மழையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீத்துடறது. மிச்சம் மீதிதான் இங்கே. அப்புறம் மத்தியானத்திலேருந்து அஸ்தமனம் வரைக்கும் வெயில் இந்தச் சரிவு மேலதான். அதான் முள் இவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கு. எந்த மரம் எங்க நிக்கும்னு இந்த மலை எழுதியே வெச்சிருக்கு. நீங்கதான் படிக்கலை."

எங்கள் கன்றுகள் வரிசை வரிசையாகக் காய்ந்து நின்றன. இலையெல்லாம் சுருண்டு அப்படியே கிளையில் இருந்தன. ஒன்றிலாவது கடித்த தடம் இருக்காதா என்று நான் வரிசைக்கு வரிசை ஓடி ஓடித் தேடினேன். நம்புங்கள், ஓர் ஆட்டுப் புழுக்கைகூட இல்லை. கடைசியில் ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றிக் கொள்ளிடத்து வண்டல் கூடை அளவுக்கு அப்படியே கட்டியாக இருந்தது. ஒரு வேர்கூட அதைத் தாண்டி மலை மண்ணுக்குள் போகவில்லை. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, விருந்தாளிகளுக்குக் காட்டிக் காட்டி நான் வளர்த்த கன்று அது. தண்ணீரைத் தேடிப் போக அதற்குத் தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்றுக்காக அல்ல. நாலடி தள்ளி வெள்ளையன் நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க வெள்ளையன்" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? எழுதின எடத்துல சொல்லுங்க" என்றார்.

இதைவிட நல்ல பாடம் என் உத்தியோகத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, 'மன்னிச்சுக்கப்பா' என்று சொல்லிவிட்டு நழுவுகிற பெரிய மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் செய்த தப்பைக் காகிதத்தில்தான் சரிசெய்யவேண்டும், கீழே அதே கையெழுத்தைப் போட்டு.

கீழே இறங்கியதும் இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை பொய். ஆடு இல்லை. நடும்போதே வாட்சர் எச்சரித்தார். இடத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து நட்டதும், ஆற்றங்கரையில் செல்லமாகக் கன்று வளர்த்ததும் தப்பு. அது என் தப்பு. இதை எழுதி எடுத்துக்கொண்டு, உப்பிலியபுரம் பங்களாவில் முகாம் போட்டிருந்த பெரிய அதிகாரி முன்னால் போய் நின்றேன். வெள்ளையன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அவருக்குக் கொடுத்த ஒரு மாதத்தில் பத்து நாள் பாக்கி.

அதிகாரி அறிக்கையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் ரிப்போர்ட்ல இருக்கறது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"இதுல?"

"இதுவும் என்னுதுதான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய். பொய் ரிப்போர்ட் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும் சார். முதல்ல கொடுத்ததுதான் பொய். அதுக்கு என்ன உண்டோ செய்யுங்க."

"ஆடுன்னு எழுதினா ஒரு வாட்சர் போவான். திட்டம் தப்புன்னு எழுதினா மானம் போகும்யா! மேல என்ன பதில் சொல்றது?"

"கோடு மேல நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க சார். கிழக்கையும் மேக்கையும் பாருங்க. ஒரு ஆட்டுப் புழுக்கையைக் காட்டிட்டீங்கன்னா நானே ராஜினாமா எழுதித் தரேன்."

எனக்கு எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று கேட்காதீர்கள். பயந்துகொண்டேதான் பேசினேன். பயம் போனபிறகு பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் ஓய்வு பெறுகிற நாள்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அவர் என்னைப் பொய்யனாக்கியே தீருவது என்று மறுநாள் காலையில் வெள்ளையனையும் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். பருத்த உடம்பு, பாவம், நாலு இடத்தில் உட்கார்ந்தார். கிழக்குச் சரிவில் கன்றுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மேற்கே முகட்டைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். காய்ந்த வரிசைகளுக்கு நடுவே தடியை ஊன்றி நடந்தார். குனிந்து நாலைந்து கன்றுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "சரிய்யா. ஆடு வேணாம். மழை குறைவுன்னு எழுது. யாருக்கும் சேதமில்லை. இவன் வேலையும் இருக்கும், உன் வேலையும் இருக்கும்" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, மிரட்டலை எதிர்த்து நிற்பது பெரிய காரியமில்லை. கஷ்டம் இங்கேதான். வெள்ளையன் பிழைத்துவிடுவார், நானும் பிழைத்துவிடுவேன், ஒரே ஒரு சின்னப் பொய். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"மழை குறையல சார். கிழக்கே ஓடையில இன்னும் தண்ணி ஓடுது" என்றேன். "மழைன்னு எழுதினா வர்ற ஐப்பசியிலயும் இதே கோட்டுல நடுவோம். மறுபடியும் காயும். ரெண்டாம் வருஷமும் மழைன்னு எழுத முடியாது, அப்ப ஆடு திரும்ப வந்துடும். ஆடு வந்தா இவர் போவார்."

"ஒரு வாட்சருக்காக உன் உத்தியோகத்தைக் கெடுத்துக்கறியே!"

"அவர் சொன்னது சரி, நான் எழுதினது தப்பு. அவ்வளவுதான் சார்."

"உனக்கு மெமோ வரும்."

"வரட்டும்."

அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு வெள்ளையனைக் கைகாட்டி அழைத்தார்.

"ஏம்ப்பா, இங்க சில்வர் ஓக் வராது. சரி. வேற என்னதான் வைக்கலாம்?"

"ஒண்ணும் வைக்க வேணாங்க."

"இப்படியே மொட்டையா கிடக்கட்டுங்கறியா?"

வெள்ளையன் சுற்றுமுற்றும் பார்த்தார். எந்த இடத்தைச் சொல்கிறார் என்று உண்மையாகவே தேடினார்.

"மொட்டை எங்கீங்க? அந்தா உசிலை. இந்தா சூரை. இதுக்குள்ள முயல் இருக்கு, கௌதாரி இருக்கு. நாங்க தேன் எடுக்கறது இங்கதான். இது காடுங்க ஐயா. உசரமா இல்லாட்டியும் காடுதாங்க."

அதை அப்படியே அறிக்கையின் கடைசியில் எழுதினேன்: 'மேற்குச் சரிவில் நடுவதற்கு இடமில்லை. அங்கே ஏற்கெனவே காடு இருக்கிறது. சொன்னவர், வாட்சர் வெள்ளையன்.' பெரிய அதிகாரி மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்தார். வெள்ளையனின் நீக்க உத்தரவு ரத்தானது, எனக்கு மெமோ வந்தது. மெமோவுக்குப் பதில் எழுதும்போது அந்த வரியை மறுபடியும் எழுதினேன், அடித்தார்கள். அடுத்த வருஷ நடவுத் திட்டத்தில் எழுதினேன், அதையும் அடித்தார்கள். அதற்கடுத்த வருஷமும், வாட்சரின் பெயரோடு, ஓர் எழுத்துக் குறையாமல் எழுதி அனுப்பினேன். அந்தத் தடவை யாரும் அடிக்கவில்லை. மேற்குச் சரிவில் அதற்குப் பிறகு ஒரு குழிகூட வெட்டவில்லை.